ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு நாள்

எங்கள் வீட்டில் ஓட்டுக்கூரைக்கும் அதன் கீழே பலகை அடித்த மச்சுக்கும் நடுவே, ஒருவர் தவழ்ந்து செல்லும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. கால் உடைந்த நாற்காலி, பழைய பாடப்புத்தகங்கள், தூக்கிப்போட யாருக்கும் மனம் வராத மரப்பெட்டிகள் என்று பல ஆண்டுகளாக நாங்கள் ஏற்றிவைத்தவை எல்லாம் அங்கேதான் கிடந்தன. ஒரு நாள் மாலை ஏழு மணி கடந்ததும், நாங்கள் நால்வரும் கூடத்தில் இருந்தபோது, மேலே கனமான ஏதோ ஒன்று விட்டத்திலிருந்து பலகையில் குதித்தது. சற்று நின்று, அளந்து அடியெடுத்து வைப்பதைப்போல அது கிழக்கு மூலையை நோக்கி நடந்தது, பிறகு ஓட்டில் நகம் கீறும் ஓசை கேட்டது, அதன்பின் அமைதி. என் மகள் பயந்துபோய்ப் பாட்டியின் மடியில் ஏறிக்கொண்டாள். "எலி இல்லடி. எலிக்கு இவ்வளவு கனம் கிடையாது," என்றார் என் அம்மா, மச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா சொன்னது சரி. வீட்டுக்குள் குடியேறிய விலங்கு எது என்பதை, அதைப் பார்ப்பதற்கு முன்பே ஓசையும் நேரமும் பெருமளவு சொல்லிவிடும். அணில் பகலில் இயங்குவது. காலையிலும் மாலை வெயில் தணியும் வேளையிலும் அதன் ஓட்டம் கேட்கும், இரவில் கேட்காது. எலியின் ஓசை இரவில் வரும். மெலிதாக, விரைவாக, இடைவிடாமல் கொறிக்கும். வௌவால் நடமாடும் ஓசை அநேகமாக இராது. அந்தி சாயும் நேரத்தில் சுவரின் ஏதோ ஒரு விரிசலிலிருந்து கிறீச்சிடல் மட்டும் கேட்கும். எங்கள் தலைக்கு மேலே நடந்தது இருட்டியதும் வெளியே கிளம்பி, விடியும் முன்னே திரும்பி வந்தது. இரண்டு முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ள, மரம் ஏறத் தெரிந்த, இரவில் உலவும் விலங்கின் நடை அது. மரநாய் என்று எனக்கு முதல் இரவே சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலையிலேயே ஆள் வைத்துப் பிடித்துவிடலாம் என்றார் என் கணவர். அவருடைய கவலையில் நியாயம் இருந்தது: வீட்டில் சிறு குழந்தை இருக்கிறாள், வயதான அம்மா இருக்கிறார், மச்சுப் பலகையோ பழையது. ஆனால் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே வீட்டில் நாங்கள் செய்த ஒரு காரியம்தான் அதற்குக் காரணம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

அப்போது சன்னல் மேலிருந்த சன்ஷேடுக்கும் கூரைக்கும் இடையே ஒரு பொந்தில் அணில் ஒன்று கூடு கட்டியிருந்தது. பூச்சி, எலி ஒழிப்பு வேலை செய்யும் ஒருவரை அழைத்தோம். அவர் கூண்டு வைத்தார், இரண்டு மணி நேரத்தில் அணில் அதில் விழுந்தது, அதை எங்கோ தொலைவில் விட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துச் சென்றார். போகும் முன் பொந்தைச் சிமெண்டு வைத்துப் பூசினார். வேலை சுத்தமாக முடிந்தது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அன்று மாலை சுவருக்குள்ளிருந்து ஊசி போன்ற ஒரு குரல் கேட்டது. வெளியே ஏதோ பறவை என்று நினைத்தோம். இரண்டாம் நாள் குரல் மெலிந்தது. மூன்றாம் நாள் அது நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் கணவர் உளி கொண்டு பூச்சை உடைத்தார். பழந்துணி நூலும் நாரும் வைத்து மெத்தைபோல் செய்யப்பட்ட கூட்டில் மூன்று குட்டிகள் இருந்தன. ஒன்றிலும் உயிர் இல்லை.

பிடித்தவர் மீது பழி சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உள்ளே குட்டி இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்து கூடு கட்டும் விலங்கு பெரும்பாலும் இடம் தேடி அலைந்த தாயாகத்தான் இருக்கும் என்ற ஒரே ஒரு செய்தி எங்களில் எவருக்காவது தெரிந்திருந்தால் போதும், அந்தப் பொந்து அன்று அடைபட்டிருக்காது.

ஆகவே இம்முறை எதையும் அடைப்பதற்கு முன் உள்ளே எத்தனை உயிர் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். முதல் நான்கு நாள் வெறுமனே பார்த்தோம். வீட்டைச் சுற்றி வந்து, கூரை விளிம்பில் எங்கெல்லாம் ஓடு நகர்ந்திருக்கிறது, எங்கெல்லாம் கைமரத்துக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது என்று குறித்துக்கொண்டோம். மொத்தம் ஐந்து இடம். ஒவ்வொன்றின் வாயிலிலும் ஏணி வைத்து ஏறி மெல்லிய மாவைத் தூவி வைத்தோம். காலையில் நான்கு இடங்களில் மாவு கலையவில்லை. கிழக்கு மூலையில் மட்டும் ஐந்து விரல் பதிந்த சிறிய பாதச் சுவடுகள் இருந்தன. போக்குவரத்து அந்த ஒரே வழியில்தான் என்று உறுதியானது. தாழ்வாரத்து ஓட்டின் மேல் ஒரே இடத்தில் குவிந்து கிடந்த கழிவில் பழக்கொட்டைகள் செரிக்காமல் முழுதாக இருந்தன. அந்த மூலையில் நின்றால், புதிதாகச் சோறு வடித்தாற்போல ஒரு மணம் வந்தது. மரநாய் நடமாடும் இடத்தில் அந்த மணம் வருவதை முன்பே கேள்விப்பட்டிருந்ததால், அதன் பிறகு எனக்கு ஐயம் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் நண்பகலில் நான் தேடிய விடை கிடைத்தது. வீடு முழுதும் அமைதியாக இருந்தபோது, கிழக்கு அறையின் மச்சுக்கு மேலே மெல்லிய முனகல் கேட்டது. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக வந்து கலந்த குரல்கள். காட்டு விலங்குகளை மீட்கும் பணியில் பல ஆண்டுகள் பழகிய ஓர் இளைஞரை அழைத்தோம். அவர் மாலை வந்தார். தாய் வெளியே கிளம்பிப் போவதைத் தோட்டத்தில் நின்று கண்ணால் பார்த்தபின்தான் பரணில் ஏறினார். தாய் உள்ளே இருக்கும்போது, ஒடுங்கிய இடத்தில், குட்டிகளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மனிதத் தலை தெரிந்தால் எந்தப் பாலூட்டியும் கடிக்கும் என்றார். இரண்டே நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டார்.

"அக்கா, மூணு குட்டி. இன்னும் கண்ணே தொறக்கல. இப்போ தொந்தரவு பண்ணா தாய் பயந்துபோய் விட்டுட்டுப் போனாலும் போயிடும். கொஞ்ச நாள் பொறுக்க முடியுமா?"

"எத்தன நாள் தம்பி?"

"கண்ணு தொறந்து, தவழ ஆரம்பிக்கட்டும். பத்து நாள் வச்சுக்குங்க. அப்புறம் தாயே தூக்கிட்டுப் போறமாதிரி பண்ணிடலாம்."

கூண்டு வைத்துத் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். இந்தக் கேள்வியை நல்ல மனம் கொண்டவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கொல்லவில்லை, விடுதலைதானே செய்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் தெரியாத காட்டில் விடப்படும் விலங்குக்கு எங்கே தண்ணீர், எங்கே பொந்து, எந்த மரம் ஏற்கெனவே வேறொன்றின் ஆட்சியில் இருக்கிறது என்று எதுவும் தெரியாது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், குடியிருப்புகளில் பிடித்துப் பெரிய காட்டில் விடப்பட்ட 38 சாம்பல் நிற அணில்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, அதன் முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 97 சதவீதம் குறுகிய காலத்திலேயே இறந்துபோயின அல்லது விட்ட இடத்திலிருந்து காணாமல் போயின. எங்கள் அணிலை "தொலைவில் விட்டுவிடுகிறேன்" என்று எடுத்துச் சென்றதை நினைத்துக்கொண்டேதான் இந்த எண்ணை நான் படித்தேன். சட்டமும் இதில் பேசுகிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பிடிப்பதையும் பொறி வைப்பதையும் சேர்த்தே வரையறுக்கிறது; பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் பயன்பாட்டில் உள்ள பறவைக் கூட்டை வேண்டுமென்றே கலைப்பதைக் குற்றமாக்குகிறது; அங்கே வௌவால் தங்கும் இடத்தை, அது காலியாக இருக்கும்போதும், சேதப்படுத்தக் கூடாது. எந்த நாட்டில் இருப்பவரும் கூண்டைத் தொடும் முன் அவ்விடத்து வனத்துறையிடமோ விலங்கு மீட்புக் குழுவிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பத்து நாள் காத்திருப்பது சொல்வதற்கு எளிது. இரவுதோறும் ஓசை, பகலில் முனகல், கிழக்கு அறையில் நாள்பட நாள்பட மூத்திர வாடை. அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. நாங்கள் கிழக்கு அறையைக் காலி செய்து, கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். மின்கம்பி கடிபட்டிருக்குமோ என்ற அச்சம் எனக்கு இருந்ததால், பரணுக்குச் செல்லும் மின்னிணைப்பை மட்டும் துண்டித்து வைத்தோம். கம்பியைக் கொறிக்கும் பழக்கம் எலிக்கும் அணிலுக்கும்தான் உண்டு. மரநாய் கொறிவிலங்கு இல்லை. ஆனாலும் கனமான உடல் பழைய இணைப்புகளின்மேல் நடப்பதால் அவை தளரக்கூடும். மகளிடம் மேலே இருப்பது ஓர் அம்மா என்று சொன்னேன். அதன் பிறகு அவள் பயப்படவில்லை. நாங்கள்தான் அவளைச் சத்தம் போடாதே என்று அடக்க வேண்டியிருந்த நிலை மாறி, அவள் எங்களை அடக்கத் தொடங்கினாள்.

இந்த நாள்களில் ஒன்றைச் செய்யாமல் இருக்க நான் மிகவும் பாடுபட்டேன்: உணவு வைப்பது. பால் கொடுக்கும் தாய் பசியோடிருக்குமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் வீட்டருகே உணவு கிடைத்தால் அது இந்த இடத்தை விட்டு ஏன் போக வேண்டும்? மனிதரிடம் அச்சம் நீங்கிய மரநாய் அடுத்தடுத்த வீடுகளில் ஏறும். அவ்வீடுகள் எல்லாம் பத்து நாள் பொறுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பதினைந்தாம் நாள் வேலையைத் தொடங்கினோம். அந்த இளைஞர் சொன்ன முறையில் கூண்டோ மருந்தோ எதுவும் இல்லை. பகலில் உறங்கும் இத்தகைய தாய், இருட்டு, அமைதி, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பார்த்தே ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் இரண்டும் இல்லாமல் போனால் மூன்றாவதும் போய்விட்டதாக அது முடிவு செய்து, தனக்குத் தெரிந்த வேறோர் இடத்துக்குக் குட்டிகளைத் தூக்கிச் செல்லும். மாற்று இடம் ஒன்றிரண்டை மனத்தில் வைத்திருப்பது அணில் முதல் மரநாய் வரை பல தாய்களின் வழக்கம். எனவே பரண் வாயிலருகே ஒரு சிறு விளக்கை வைத்து நாள் முழுதும் எரியவிட்டோம். மனிதர்கள் பேசும் நிகழ்ச்சி ஓடும் வானொலிப் பெட்டியை மச்சுக்குக் கீழே, மிதமான ஒலியில் வைத்தோம். இசையைவிடப் பேச்சுக்குரல்தான் விலங்கை அதிகம் சங்கடப்படுத்தும். புகை போடலாம், அம்மோனியா நனைத்த துணியைப் போடலாம், மிளகாய்த்தூள் தூவலாம் என்று பலர் சொல்லுவார்கள். தாய் எழுந்து ஓடிவிடும், ஓட முடியாத குட்டியின் நுரையீரலில் அந்தக் காரம் முழுதும் இறங்கும் என்பதால் நான் அவற்றை ஏற்கவே இல்லை.

முதல் இரண்டு இரவு ஒரு மாற்றமும் இல்லை. பதினேழாம் நாள் இரவு, பத்தரை மணி அளவில், பின்பக்க அறையின் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரம் நின்றிருந்த என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். தெருவிளக்கின் மங்கலான ஒளியில் மதில்மேல் ஒரு நீண்ட கறுத்த உருவம். கூரை மூலையிலிருந்து இறங்கி மதிலில் நின்ற அதன் வாயில் ஏதோ தொங்கியது. பிடரியில் கவ்விய குட்டி. தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குட்டியின் கால் கல்லில் உரசாதபடி மதில் நெடுக நடந்து, மரத்தில் ஏறி இலைகளுக்குள் போனது. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து இரண்டாவது குட்டியைத் தூக்கிச் சென்றது. பிறகு இருமுறை வெறும் வாயோடு வந்தது. வெறும் வாயோடு போனது. விடியும்வரை காத்திருந்தோம், மூன்றாவதை எடுத்துச் செல்வதை நாங்கள் பார்க்கவில்லை.

நாங்கள் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் எடுத்துப் போயிருக்கலாம் என்று கணவர் சொன்னார். நானும் அப்படி நம்பத்தான் விரும்பினேன். காலை ஆறரைக்கு மச்சும் சுவரும் சேரும் இடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. ஊசி போன்ற அதே குரல். ஆறு ஆண்டுக்குப் பின் மறுபடி ஒரு சுவருக்குள்ளிருந்து அதைக் கேட்டபோது, கை நடுங்கி ஏணியைப் பிடிக்க முடியாமல் சற்று உட்கார்ந்துவிட்டேன். எண்ணி வைத்திருக்காவிட்டால், "இரவு தூக்கிப் போய்விட்டது, கண்ணால் பார்த்தோம்" என்ற மகிழ்ச்சியிலேயே அன்று காலை அந்த மூலையை அடைத்திருப்போம்.

கண் திறந்து தவழத் தொடங்கிய குட்டி, ஓரப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த நான்கு விரல் அகல இடைவெளியில் விழுந்திருந்தது. தாய் மேலிருந்து கையை விட்டும் எட்டவில்லை என்பதைப் பலகை விளிம்பில் இருந்த புதிய நகக்கீறல்கள் காட்டின. இளைஞரைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, கீழிருந்து ஒரு பலகையின் ஆணிகளைப் பிடுங்கிச் சாய்த்தோம். தடித்த தோல் கையுறை அணிந்துகொண்டு என் கணவர் குட்டியை எடுத்தார். அது அவர் கையைவிடச் சிறியது, உடல் சில்லிட்டிருந்தது.

இந்த இடத்தில் நான் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நல்லெண்ணத்தால் மிக அதிகக் குட்டிகள் சாவது இங்கேதான். குளிர்ந்துபோன குட்டிக்கு முதல் தேவை வெப்பம், பால் அல்ல. உடல் குளிர்ந்திருக்கும்போது வயிறு செரிக்காது. பஞ்சாலோ சொட்டுக்குழாயாலோ வாயில் விடும் பால் மூச்சுக்குழாயில் போய்விடும். மாட்டுப்பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவும் செய்யாது. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்து, சூடு அதிகமானால் குட்டி தானே நகர்ந்துகொள்ள மறுபாதியை விட்டுவைக்க வேண்டும். மேலே துணி மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். மகள் ஒருமுறை பார்க்கட்டுமா என்று கெஞ்சினாள். மறுத்தோம், அவளும் புரிந்துகொண்டாள். மனித வாடை பட்டால் தாய் ஏற்காது என்று நம்மில் பலர் நம்புகிறோம். பெரும்பாலான பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் அது உண்மையல்ல; தாய் திரும்பி வராமல் போவதற்குக் காரணம் வாடையைவிடப் பெரும்பாலும் அங்கேயே நின்று எட்டிப் பார்க்கும் நாம்தான்.

மாலை இருட்டும் முன், பெட்டியைக் கிழக்கு மூலைக்கு நேர் கீழே, தாழ்வாரத்து ஓட்டின் மேல், சரியாதபடி கட்டி வைத்தோம். பக்கவாட்டை வெட்டித் தாழ்த்தியிருந்தோம். தாய் எளிதில் எட்டலாம், குட்டி ஏறி விழ முடியாது. புட்டியை இருமுறை மாற்றினோம். விளக்கையும் வானொலியையும் அணைத்துவிட்டோம். பூனை வராமல் இருக்க என் கணவர் தோட்டத்தின் மறுகோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பது மணி, பத்து, பதினொன்று. குட்டி இடையிடையே அழுதது; அந்த அழுகை நல்லது, அதுதான் தாயைக் கூப்பிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா தூங்கப் போகவில்லை. "வந்துருவா. பெத்தவ எங்க போவா," என்று இருட்டில் முணுமுணுத்தார். பதினேழு நாளாக "அது" என்றே சொல்லிவந்தவர் அவர்.

ஒன்று நாற்பதுக்கு மரக்கிளை அசைந்தது. தாய் ஓட்டின் மேல் இறங்கி, பெட்டியைச் சுற்றி இருமுறை வந்தது. மூக்கை உள்ளே விட்டது. அடுத்த நொடி குட்டி அதன் வாயில் இருந்தது. மதிலில் நடக்கவில்லை, ஒரே தாவலில் கிளைக்குப் போய்விட்டது.

அதன் பிறகும் உடனே அடைக்கவில்லை. அந்த வாயிலில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகிவைத்தோம். உள்ளே ஏதாவது இருந்தால் வெளியே தள்ளும். வெளியிலிருந்து வந்தால் கிழிக்கும். மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால்தான் இடம் காலி என்று கொள்ள வேண்டும் (மழைக்காலத்திலும் கடுங்குளிரிலும் விலங்குகள் சில நாள் வெளியே வராமலே இருக்கக்கூடும், அப்போது இன்னும் சில இரவு). குட்டி இல்லாத தனி விலங்கானால் வேறொரு முறை உண்டு: வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும்படி மேல்விளிம்பில் கீல் வைத்துத் தொங்கவிட்ட ஒருவழிக் கதவு. முட்டிக்கொண்டு வெளியே போகும், திரும்ப உள்ளே வர முடியாது. அருமையான சாதனம்தான், ஆனால் உள்ளே நடக்கத் தெரியாத குட்டி இருக்கும்போது அதைப் பொருத்தினால், எங்கள் சிமெண்டு பூச்சு செய்ததையே அதுவும் செய்யும்.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, மூன்று இரவும் தாள் இருந்தபடி இருந்தது. இருபத்திரண்டாம் நாள் காலை டார்ச் விளக்கோடு நானே பரணில் தவழ்ந்து போய், ஒவ்வொரு பெட்டியையும் நகர்த்தி, ஒவ்வோர் இடுக்கிலும் பார்த்தேன். எவரும் இல்லை. பிறகு அடைத்தோம். துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் வலை, நுரைப்பசை எதுவும் நிற்காது. பல்லும் நகமும் ஒரே இரவில் அவற்றைப் பிய்த்துவிடும். துத்தநாகம் பூசிய, 12 மில்லிமீட்டர் கண் கொண்ட வெல்டு மெஷ் எனும் இரும்புக் கம்பிவலை வாங்கி, ஓட்டையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஒரு சாண் மிகையாக வெட்டி, ஆணி அடிக்காமல் வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்கினோம். எலியையும் தடுக்க நினைத்தால் 6 மில்லிமீட்டர் கண் வேண்டும். சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழையும் துளை போதும். பயன்படாத மற்ற நான்கு இடைவெளிகளையும் அன்றே அடைத்தோம், இல்லாவிட்டால் தாய் அடுத்த முறை அவற்றைத்தான் சோதிக்கும். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை, வேறெதுவும் அவற்றில் கூடு கட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி வெட்டினோம்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. உலர்ந்த கழிவைத் துடைப்பத்தால் பெருக்கினால் அதன் தூள் காற்றில் எழும்பி நுரையீரலுக்குள் போகும். எலிக் கழிவு வழியாக ஹன்டா வைரசும், பறவை, வௌவால் எச்சம் மண்டிய இடங்களில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் மனிதருக்குத் தொற்றுவது இப்படித்தான். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு அள்ள வேண்டும். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். எந்தப் பாலூட்டி கடித்தாலும் கீறினாலும், காயம் சிறிதாக இருந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. அதற்கு முன் போடும் தடுப்பூசி காப்பாற்றும். உறங்கிக்கொண்டிருந்தவரின் அறையில் வௌவால் காணப்பட்டால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வௌவாலுக்கு இந்த விளக்கும் வானொலியும் பொருந்தாது. பெரும்பாலான வௌவால் இனங்களில் தாய்க்கு ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான். பெண் வௌவால்கள் கூட்டமாகச் சேர்ந்து பெற்று வளர்க்கும் அந்தப் பருவத்தில் வழியை மறித்தால், பறக்கத் தெரியாத ஒரு தலைமுறை முழுதும் உள்ளே சாகும். குட்டிகள் பறக்கத் தொடங்கும்வரை விட்டுவைத்து, பிறகு வெளியே மட்டும் செல்லும்படி மேலிருந்து வலையைத் தொங்கவிட்டுச் சில இரவு கழித்து அடைப்பதே முறை. பறவை என்றால் இன்னும் எளிது: குஞ்சுகள் சில வாரத்தில் பறந்துவிடும், கூடு காலியானதும் துளையை அடைத்துவிடலாம்.

விஷத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலி மருந்து உடனே கொல்வதில்லை. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, பல நாள் துன்பப்பட்டு, பெரும்பாலும் நம் கைக்கு எட்டாத சுவருக்குள்ளேயே எலி சாகிறது. அதைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த நஞ்சு ஏறுகிறது. ஒட்டுப்பசைத் தட்டு அதைவிடக் கொடியது. இங்கிலாந்தில் 2024 முதல் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவது குற்றம். அது கடைகளில் வெளிப்படையாக விற்கப்படும் எல்லா இடங்களிலும் தடை வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

அடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, நள்ளிரவில் அம்மா என்னை எழுப்பினார். மேலே அந்த நடை கேட்டது. அளந்து வைக்கும் அதே அடி, ஆனால் இம்முறை ஓட்டுக்கு மேலே, வெளியே. கூடவே இலேசான வேறு சில காலடிகளும். கிழக்கு மூலையில் கொஞ்ச நேரம் கம்பி அதிரும் ஓசை வந்தது, பிறகு மரப்பக்கம் போய்விட்டன. "அந்த வலை தாங்குமா பாரு," என்றார் அம்மா. காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். வலை அப்படியே இருந்தது. பக்கத்துக் கைமரத்தில் மட்டும் உயரமாக ஒரு கீறலும், அதன் கீழே நெருக்கமாகச் சில சின்னக் கீறல்களும் இருந்தன. இளகியிருந்த இரண்டு திருகாணிகளை முடுக்கிவிட்டு, அவற்றுக்கு நடுவே இன்னும் மூன்று போட்டுவிட்டு இறங்கினேன்.